மைக்கம்மா கேட்ட மன்னிப்பு

அந்த ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குகிற யாரைக் கேட்டாலும் மைக்கம்மாவின் குரலில் பேசிக் காட்டுவார்கள். ஆள் எப்படி இருப்பாள் என்று கேட்டால் முழிப்பார்கள். டிக்கெட் கவுண்டருக்கு மேலே, இரும்புப் படியில் ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மைக், எந்த வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ஒரு திரை, தண்டவாளத்தைப் பார்த்த ஒரு கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான். வெயிலுக்காகக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதனால் அவள் எல்லாரையும் பார்ப்பாள். அவளை யாரும் பார்க்க முடியாது. வேலை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக மேம்பாலம் ஏறும்போது, பக்கத்தில் வருகிறவனே "பயணிகள் கவனத்திற்கு" என்று அவள் குரலை மூக்கால் இழுத்துக் கிண்டலடித்துக்கொண்டு போவான். அவளும் தனக்குள் சிரித்துக்கொள்வாள். அப்படிச் சிரிக்க முடிந்த காலம் ஒன்று அவளுக்கு இருந்தது.

ஸ்டேஷன் ஒன்றும் பெரிய ஜங்ஷன் இல்லை. நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைக் காலையில் அள்ளிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து கொட்டுகிற புறநகர் ஸ்டேஷன். ஆதியில் அந்த இடத்தில் செங்கல் சூளை இருந்தது. சூளை ஆட்கள் இறங்குவதற்காக ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மண் மேடையும் போட்டார்கள். பிறகு சூளை போய்க் குடியிருப்புகள் வந்தன. மண் மேடை சிமெண்ட் பிளாட்பாரம் ஆயிற்று, எதிரே இன்னொன்று முளைத்தது, இரண்டையும் இணைக்க மேம்பாலம் வந்தது. மேம்பாலம் வந்த பிறகும் தண்டவாளத்தில் குதித்துக் கடக்கிறவர்கள் குதித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வசதிகளுக்கும் குறைச்சல் இல்லை. காத்திருப்பு அறை உண்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் தெரியாது. லிஃப்ட் உண்டு, திறப்பு விழா அன்றைக்கு ஓடியது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும், எப்போது வரும் என்பது குழாய்க்குத்தான் வெளிச்சம். உள்ளதைச் சொன்னால், அங்கே பழுதில்லாமல் நடந்த ஒரே சேவை மைக்கம்மாவின் அறிவிப்புதான். வண்டி தாமதம் என்றால் எவ்வளவு தாமதம் என்று ஒளிக்காமல் சொல்வாள். "வருந்துகிறோம்" என்று அவள் சொன்னால் நிஜமாகவே மேலே யாரோ உட்கார்ந்து வருந்துகிற மாதிரி இருக்கும்.

இந்த வேலை அவளுக்கு வந்ததே புருஷன் போனதால்தான். அவர் அதே ஸ்டேஷனில் சிக்னல் ரிப்பேர் பார்த்தவர். காய்ச்சல் என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அவர் போனபோது வீட்டில் மிச்சம் இருந்தது மூன்று பேர்: இவள், இன்னும் நடக்கப் பழகாத பெண் குழந்தை, புருஷனின் தங்கை. இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு, ஒருவருக்குத்தான் உண்டு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இவள் பள்ளிக்கூடத்தோடு படிப்பை மூட்டை கட்டியவள். நாத்தனாரோ கல்லூரி முடித்தவள்.

ஆபீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி பேருக்கு எழுதுங்கம்மா. எடுத்த எடுப்புலயே நாற்காலி வேலை கிடைக்கும். உங்களுக்குன்னா பிளாட்பாரம் பெருக்குறதுதான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நாத்தனாருக்கு அப்போது வேறு வேலையும் இல்லை. ஆனாலும் அவள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"அண்ணி பேருக்கே எழுதுங்க சார். நான் எப்படியாவது பொழைச்சுக்குவேன். அவங்களுக்குக் குழந்தை இருக்கு."

அப்படி வந்த வேலை. முதல் சில வருஷம் மைக்கம்மா பிளாட்பாரம் பெருக்கினாள். பிறகு அறிவிப்புக்கு ஆள் எடுக்க உள்ளுக்குள்ளேயே ஒரு தேர்வு வைத்தார்கள். "நீங்க எழுதுறீங்க" என்று நாத்தனார்தான் பிடித்துத் தள்ளினாள். தினமும் சாயங்காலம் சமையலறையில் இவள் கரண்டியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் நின்று, "கேக்கல அண்ணி. தொண்டையில இருந்து கத்தாதீங்க, வயித்துல இருந்து பேசுங்க. வண்டி எண்ணை முழுங்காதீங்க, அது ஒண்ணும் மாத்திரை இல்ல" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, உங்கள் வீட்டுக்கு என்ன வண்டி வருகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தேர்வில் இவள்தான் முதல்.

நாத்தனாரும் சொன்னபடியே பிழைத்துக்கொண்டாள். நகரத்தில் ஒரு தையல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பிறகு அங்கேயே டீச்சர் ஆனாள். காலை நெரிசல் வண்டியில், பெண்கள் பெட்டியில் போய் வந்துகொண்டிருந்தாள். பெட்டியில் எல்லாரும் டீச்சர், டீச்சர் என்றதில் வீட்டிலும் அதுவே பேராகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மகளை அவள்தான் தூக்கி வளர்த்தாள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள், கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மைக்கம்மாவுக்கு ஷிப்டு வேலை. பாதி நாள் அவள் வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கியிருக்கும்.

இனி அந்த மைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதன் அடியில் ஒரு பொத்தான். அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் குரல் வெளியே போகும், விரலை எடுத்தால் நின்றுவிடும். ஸ்பிரிங் சரியான முரடு. காலை நேரத்தில் ஒரு வண்டி போக ஒரு வண்டி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கட்டைவிரல் மரத்துப்போகும். ஆகவே பழைய அட்டை ஒன்றை நாலாக மடித்துப் பொத்தானின் இடுக்கில் செருகிவிடுவாள். பொத்தான் அமுங்கியபடி நிற்கும். பேசி முடித்ததும் அட்டையை உருவிவிடுவாள். அவள் மட்டும் இல்லை, மற்ற ஷிப்டுக்காரர்களும் அதே அட்டையில்தான் காலம் தள்ளினார்கள்.

மைக் ஓடுகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரியாமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. விளக்கைப் பார்த்தா பேசுகிறோம் என்று யாரும் புகார் எழுதவில்லை. அறைக்குள் ஸ்பீக்கரும் கிடையாது. பக்கத்தில் வைத்தால் மைக்கோடு சேர்ந்து ஊளையிடுகிறது என்று அந்தக் காலத்திலேயே பிடுங்கிவிட்டார்கள். பிளாட்பாரத்து ஸ்பீக்கர்களோ தள்ளி, மறுபக்கம் பார்த்து இருந்தன. ஆக, மைக்கில் போவது என்னவென்று தன் காதால் கேட்க முடியாத ஆள் அந்த ஸ்டேஷனிலேயே அவள் ஒருத்திதான்.

அந்த அட்டையால் வந்த வினை, அது நடந்ததற்கு முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் ஆரம்பித்தது. டீச்சர் காய் நறுக்கிக்கொண்டே, "அண்ணி, பொண்ணுக்கு ஒரு நல்ல பெட்டியா வாங்கணும். இருக்கிற பெட்டிக்குச் சக்கரம் போயிடுச்சு" என்றாள்.

"எதுக்குப் பெட்டி?"

டீச்சரின் கத்தி அப்படியே நின்றது. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. கிடைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. "நீ வருத்தப்படுவேன்னுதாம்மா, நல்ல நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்" என்று மகள் பூசி மெழுகினாள். மைக்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் காலையில் இரும்புப் படி ஏறினாள்.

நெரிசல் வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எதிர்ப் பிளாட்பாரத்து வண்டியை அறிவித்து முடித்தாள். அட்டையை உருவவில்லை. மனசு அங்கே இல்லை. அந்த நேரம் பார்த்து டிக்கெட்டக்கா டீயோடு மேலே வந்தாள். கீழே டிக்கெட் கொடுக்கிறவள், நல்லவள்தான், ஆனால் பிறத்தியார் வீட்டுக் கதை என்றால் டீகூட ஆறிப்போகும்.

"என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?"

"என் நாத்தனார் இருக்காளே மகாராணி, அவளால வந்ததுதான்."

"ஏன், என்ன பண்ணா?"

"பெத்தவ நான். தொண்டை கிழியக் கத்திச் சம்பாதிக்கிறவ நான். என் பொண்ணுக்கு வேலை கிடைச்சது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

"அத்தைகிட்ட சொல்றது சகஜம்தானே?"

"என்ன அத்தை? இத்தனை வருஷமா ஒட்டிக்கிட்டே உக்காந்திருக்கா. என் வீடு, என் சோறு, இப்ப என் பொண்ணும் வேணுமாம். தலைக்கு மை அடிச்சுக்கிட்டு இன்னும் குமரின்னு நெனப்பு வேற. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அடிப்பா. எனக்குத் தெரியாதாம்!"

டிக்கெட்டக்கா சிரித்தாள். சிரிக்கிற ஆள் கிடைத்தால் நாக்குக்கு நிதானம் ஏது?

"கல்யாணம் ஏன் பண்ணிக்கலையாம்?"

"ஒருத்தன் இருந்தான். உன்னைத்தான் கட்டிக்குவேன்னு சொல்லிட்டு, கடைசியில இவளோட சிநேகிதியைக் கட்டிக்கிட்டுப் போயிட்டான். யாருக்கும் தெரியாது. என் மடியில படுத்து அழுதா ஒரு நாள். அவன் வேணாம்னு விட்டுட்டுப் போனதை நான் கட்டி மாரடிக்கணும்னு என் தலையெழுத்து!"

படியில் தடதடவென்று சத்தம். முழங்கால் வலி என்று இரும்புப் படிப் பக்கமே வராத ஸ்டேஷன் மாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. நேரே மேஜைக்கு வந்து அட்டையைப் பிடுங்கினார்.

"அம்மா... மைக்கு" என்றார்.

மைக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. டிக்கெட்டக்கா டீ கிளாசை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பிளாட்பாரமும் தலையை நிமிர்த்தி ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஏதாவது வருமா என்று எதிர்பார்க்கிற முகங்கள். பிறகு ஒருவன் ஆரம்பித்தான், எல்லாரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைக்கம்மாவின் கண் பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்குப் போனது. அங்கே ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில் டீச்சர் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. அறிவிப்பே இல்லாமல் வண்டி வந்து அவளை மறைத்துவிட்டது.

வெட்கம் என்றால் என்ன என்று மைக்கம்மாவுக்கு அதற்கு முன்னால் தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அடுத்த வண்டியை அவள்தான் அறிவிக்கவேண்டும். "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்ததுமே கீழே மறுபடி ஒரு சிரிப்பு எழுந்தது.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பொத்தானில் கோளாறு என்று ஸ்டேஷன் மாஸ்டரே எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார். வேலை தப்பியது, மானம் கப்பலேறியது. மேம்பாலத்தில், குழாயடியில், டிக்கெட் வரிசையில், எங்கே பார்த்தாலும் "மகாராணி" தான். பையன்கள் வண்டிக்கே மகாராணி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் நடப்பாள். தன் வார்த்தைகள் தன் காதுபடவே யார் யார் வாயிலிருந்தோ வரும். "என்ன வாய் பாரு அந்தப் பொம்பளைக்கு" என்று ஒருத்தி அவள் தோளை உரசிக்கொண்டு சொன்னாள். "அந்த நாத்தனார் யாரோ, பாவம். எந்த ஊர்ல உக்காந்திருக்கோ" என்றாள் கூட வந்தவள். மைக்கம்மாவுக்கு அதில் 'பாவம்' மட்டும்தான் காதில் விழுந்தது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டில் டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல வந்தாள், கை கால் கழுவினாள், "ஏன் அண்ணி படுத்திருக்கீங்க, தலைவலியா?" என்று கேட்டு டீ போட்டுக் கொடுத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வண்டிச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று மைக்கம்மா ஆசைப்பட்டாள். வண்டி வந்ததே அதற்குப் பிறகுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டாள். நாள் போகப் போக டீச்சரின் வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் மை டப்பா குப்பைக் கூடையில் கிடந்தது, பாதிக்கு மேல் தீராமல். அதைப் பார்த்ததும் மைக்கம்மா கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்கப் பார்க்காமல் இல்லை. டீச்சர் சாப்பிட உட்காரும்போது எதிரே போய் நிற்பாள்.

"ஏம்மா..."

"சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணுமில்ல. உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கோ?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப சரி."

இப்படி உப்பு, காரம், மழை, மகளின் புதுப் பெட்டி என்று எல்லாவற்றையும் பேசினாள். அந்த ஒன்றுக்கு மட்டும் வாய் வரவில்லை. ஊருக்கே கேட்கத் திட்டிவிட்டு சமையலறை மூலையில் மன்னிப்புக் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று தனக்குள் வாதம் செய்தாள். திட்டிய இடத்தில்தான் மன்னிப்பும் கேட்கவேண்டும், கேட்டவர்கள் எல்லாரும் அதையும் கேட்கவேண்டும். கேட்பதற்கு நல்ல நியாயமாகத்தான் இருந்தது. அடியில் இருந்த விஷயம் வேறு. டீச்சரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை, மைக் முன்னால் அந்தத் தைரியம் இருந்தது. பார்க்கவேண்டிய முகம் கீழே எங்கோ கூட்டத்தில் இருக்கும், இவள் முகம் கறுப்புத் தாளுக்குப் பின்னால் இருக்கும். அதை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

டிக்கெட்டக்கா காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். "விட்டுத் தொலையேன். ஜனங்க மறந்தாச்சு. இப்ப எல்லாரும் லிஃப்ட் ஓடாததைத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க."

"ஜனங்க மறந்தா போதுமா?" என்றாள் மைக்கம்மா. அதைச் சொன்னபோது தன்னைப் பற்றித் தனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

மறுநாள் காலை, நெரிசல் வண்டிக்கு முன்னால், பெண்கள் பெட்டிப் பக்கம் டீச்சர் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டாள். அட்டையைத் தொடவில்லை. கட்டைவிரலால் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. இது வண்டி பற்றிய அறிவிப்பு இல்லை. சில வாரங்களுக்கு முன்னால் இந்த மைக்கில் என் நாத்தனாரைப் பற்றி நான் கேவலமாகப் பேசினேன். நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள், சிரித்தீர்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். தினமும் இதே வண்டியில், பெண்கள் பெட்டியில் போகிற தையல் டீச்சர்தான் அவர்."

அதுவரை எழுதி வைத்துப் படித்த மாதிரி வந்த குரல் அதற்குமேல் அப்படி வரவில்லை.

"இந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டியதுங்க. எனக்கு விட்டுக் குடுத்தா. இந்த மைக்குல பேசவும் அவதான் சொல்லிக் குடுத்தா. என் பொண்ணை அவதான் வளர்த்தா. அவ என் வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கல, நான்தான் அவ தயவுல இருக்கேன். டீச்சர், என்னை மன்னிச்சிடும்மா."

விரலை எடுத்தாள். கீழே யாரோ கைதட்டினார்கள். அப்புறம் இரண்டு பிளாட்பாரமும் தட்டியது. மேம்பாலத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்று தட்டினார்கள். எல்லாத் தலையும் பெண்கள் பெட்டிப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் கூட்டம் நெருக்கிக்கொண்டு போனதில் டீச்சர் மேலே இருந்து தெரியவில்லை. வண்டி வந்தது, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடியும் படியேறி வந்தார். "இனிமே மைக்குல சொந்தப் பேச்சே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லாப் பேசினீங்கம்மா" என்றார். டிக்கெட்டக்கா கீழே மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிக்கெட் கொடுத்தாள். அடுத்த வண்டிக்கு வந்த ஒரு பெரியவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, யார் அந்த அம்மா என்று விசாரித்து, மேலே ஏறி வந்து, "தப்பை ஒத்துக்கிற மனசு எல்லாருக்கும் வந்துடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தைப் பார்க்க என்று ஒரு பயணி வந்தது அதுதான் முதல் தடவை.

மைக்கம்மாவுக்கு நெஞ்சிலிருந்து பாறையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது. கொண்டுபோன சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். வேலை முடிந்து மேம்பாலத்தில் நிமிர்ந்து நடந்தாள். வீட்டுக்குப் போய்ச் சமையலை முடித்து, டீச்சருக்குப் பிடித்ததாகவே பார்த்துச் செய்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுவாள், நானும் அழுவேன், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

டீச்சர் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கை கால் கழுவப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"கேட்டியாம்மா?" என்றாள் மைக்கம்மா. நல்ல மார்க் வாங்கிவிட்டு வந்த பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"கேட்டேன் அண்ணி."

"எத்தனையோ நாளா மனசுல கிடந்து அரிச்சது. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

டீச்சர் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க பேசினப்போ எல்லாரும் சிரிச்சாங்க இல்ல, நானும் சிரிச்சேன் அண்ணி."

"என்னம்மா சொல்ற?"

"வேற என்ன பண்றது? அது நான்தான்னு அங்க யாருக்குத் தெரியும்? நீங்க எனக்கு அண்ணின்னு அந்தப் பெட்டியில ஒருத்திகிட்டயும் நான் சொன்னதில்ல. வண்டி லேட்டானா எல்லாரும் உங்களைத்தான் திட்டுவாங்க. நான் எதுக்கு வாயைத் திறக்கணும்னு இருந்துட்டேன். அன்னிக்கும் அப்படித்தான் நின்னேன். 'யாரு அந்த நாத்தனாரோ'ன்னு என்கிட்டயே கேட்டாங்க. 'யாரோ, பாவம்'னு நானும் சொன்னேன். ரெண்டு வாரத்துல மறந்துட்டாங்க. நானும் மறந்துடலாம்னுதான் இருந்தேன்."

மைக்கம்மாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னிக்கு நீங்க சொல்லிட்டீங்க" என்றாள் டீச்சர். "யாரு என்னன்னு சொல்லிட்டீங்க. என்கிட்ட படிக்கிற பிள்ளைங்க மூணு பேரு அதே வண்டிதான். ஏறினதும் எல்லாரும் என் தலையைத்தான் பாத்தாங்க. அப்புறம் அதுல சின்னவ ஒருத்தி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்களை விட்டுட்டுப் போனவன் நல்லாவே இருக்கமாட்டான் டீச்சர்'னா. ஆறுதல் சொல்றா, பாவம். அவளுக்கு நான் பட்டன் ஓட்டை போடச் சொல்லிக் குடுக்கணும். எனக்கு ஊசியில நூலே கோக்க வரல."

"நான் உனக்காகத்தானே..." என்று ஆரம்பித்தாள் மைக்கம்மா. பாதியில் நின்றுவிட்டது. யாருக்காகப் பேசினோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. மத்தியானம் ருசித்துச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. மேம்பாலத்தில் நிமிர்ந்து நடந்தது ஞாபகம் வந்தது. முதல் தடவை வாய் தவறிப் பேசியதற்கு ஒரு அட்டையைக் காரணம் சொல்லலாம். இந்தத் தடவை அவளாகவே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசியிருந்தாள்.

"தெரியாம பண்ணிட்டேம்மா. மன்னி..."

"வேணாம் அண்ணி" என்று டீச்சர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தாள். "இன்னொரு தடவை கேக்காதீங்க."

வாசலில் மகள் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே அவள் குரல் உள்ளே வந்தது.

"அம்மா! ஸ்டேஷன்ல டிக்கெட்டக்கா பிடிச்சு வச்சுச் சொன்னாங்க. உனக்கு ஸ்டேஷனே கைதட்டுச்சாமே! அத்தை, நீங்க அப்போ அங்கதானே இருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன்" என்றாள் டீச்சர். "எல்லாரும் என்னையே பாத்துத் தட்டினாங்க. நான் மட்டும் சும்மா நின்னா நல்லாருக்காதேன்னு நானும் தட்டினேன்."

மகள் சிரித்தாள். அத்தையின் மடியிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மைக்கம்மா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.